போடி மலையும் கம்பம் பந்தலும்: மாணவர் குழுவுக்கு இரண்டு நாள்

வெளிநாட்டில் படிக்கப் போகும் நம் பிள்ளைகள், போன சில மாதங்களிலேயே ஒரு வாரயிறுதியில் வகுப்புத் தோழர்களோடு சேர்ந்து திராட்சைத் தோட்டங்கள் இருக்கும் பகுதிக்குப் போய்வருகிறார்கள். வெள்ளி இரவு கிளம்பி, ஞாயிறு இரவு திரும்பி, திங்கள் காலை வகுப்பில் உட்கார்ந்துவிடுவார்கள். சென்னையில் விடுதியில் தங்கிப் படிக்கும் உங்களுக்கும், வேறு மாநிலத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் இங்கே வந்து படிக்கும் உங்கள் நண்பர்களுக்கும் அப்படியொரு வாரயிறுதி தேனி மாவட்டத்தில் காத்திருக்கிறது. சனிக்கிழமை போடிநாயக்கனூருக்கு மேலே ஏலத்தோட்டங்கள், ஞாயிற்றுக்கிழமை கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைப் பந்தல்கள். இரண்டுக்கும் நடுவே மலையடிவாரத்தை ஒட்டியே போகும் ஒரு சாலை.

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போவதுபோல இங்கே வராதீர்கள். போடியில் படகுத் துறையோ மலர்க் கண்காட்சியோ கிடையாது. இது மலையில் விளைந்ததை இறக்கி, தரம் பிரித்து, விலைபேசி அனுப்பும் வியாபார ஊர். அந்த வேலை நடக்கும் வழியிலேயே நீங்களும் இரண்டு நாள் நடந்தால், பார்க்கும் எல்லாவற்றுக்கும் பொருள் கிடைக்கும். காட்சிமுனைகளை மட்டும் தேடினால் பாதி நாள் ஜீப்பிலும் மீதி நாள் டீக்கடையிலும் போய்விடும்.

போய்ச்சேருவது

சென்னை சென்ட்ரலிலிருந்து போடிக்கு வாரம் மூன்று நாள் விரைவு ரயில் இருக்கிறது. காட்பாடி, சேலம், நாமக்கல், கரூர், திண்டுக்கல், மதுரை, தேனி வழியாக வருகிறது. வெள்ளி இரவு பத்தரை மணி வாக்கில் ஏறினால் சனி காலை ஒன்பதரை மணி வாக்கில் போடியில் இறங்கலாம். திரும்பும் ரயில் ஞாயிறு இரவு எட்டரை மணி வாக்கில். வாரயிறுதிக்கு இதைவிடப் பொருத்தமான அட்டவணை அமையாது. நேரமும் நாளும் மாறக்கூடியவை என்பதால், பயணச்சீட்டு எடுக்கும்போது ஒருமுறை சரிபாருங்கள்.

இந்தப் பாதைக்குத் தனிக் கதை உண்டு. 1928இல் மதுரையிலிருந்து போடிவரை மீட்டர் பாதை வந்தது. அகலப்பாதை ஆக்குவதற்காக 2010 டிசம்பர் முடிவில் ரயிலை நிறுத்தினார்கள். போடிக்கு மறுபடி ரயில் வர 2023 ஜூன் ஆகிவிட்டது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் ரயிலே பார்க்காத ஊர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, உசிலம்பட்டி தாண்டியதும் தூக்கத்தைக் கலைத்து எழுந்துவிடுங்கள். ஆண்டிபட்டிக் கணவாய்க்குள் ரயில் நுழையும் இடம் அதற்குத் தகும்.

மதுரை மாணவர்களுக்கு இன்னும் எளிது. காலையில் போடிக்கு ஒரு ரயில், மாலையில் திரும்ப ஒன்று. பேருந்து என்றால் ஆரப்பாளையம் நிலையத்தில் தேனி வண்டி பிடித்து, தேனியில் மாறலாம். தேனிக்கும் போடிக்கும் இடையே பதினைந்து கிலோமீட்டர்தான்.

தங்குவது போடியிலேயே இருக்கட்டும். மலைமேல் அறை வாடகை கூடுதல். ஞாயிறு காலை மறுபடி இறங்க வேண்டிய அலைச்சல் வேறு. குழுவில் எல்லோரும் அடையாள அட்டையின் அசலை வைத்திருங்கள். வெளிநாட்டு மாணவர் உடன் வந்தால் முன்கூட்டியே விடுதியைத் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். வெளிநாட்டவர் தங்குவதை விடுதிக்காரர் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். சின்ன விடுதிகள் பலவற்றில் அந்த ஏற்பாடு இருப்பதில்லை. பெட்டியோடு வாசலில் நின்றுகொண்டு கேட்டால் இருவருக்குமே சங்கடம்.

சனி: மலைக்கு முன் ஊர்

குளித்துச் சாப்பிட்டதும் மலைக்கு ஓடாதீர்கள். முதலில் ஒரு மணி நேரம் கடைத்தெருவில் நடங்கள். ஏலக்காய் வியாபாரிகளின் கடைகளையும் கிடங்குகளையும் மூக்கே காட்டிக்கொடுக்கும். உள்ளே பெண்கள் வரிசையாக உட்கார்ந்து காய் பிரித்துக்கொண்டிருப்பார்கள். சல்லடையில் இட்டுப் பருமன் பிரிப்பது, வெடித்த காயையும் நிறம் வெளுத்ததையும் கையால் ஒதுக்குவது, காம்பு நீக்குவது என்று நாள் முழுக்க இதே வேலை. எட்டு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட காய்க்கு ஒரு விலை, ஏழிலிருந்து எட்டுக்கு ஒரு விலை. வாசலில் நின்று, "அண்ணே, பாக்கலாமா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் கூப்பிட்டுக் காட்டுவார்கள். கேட்காமல் கேமராவை நீட்டினால் முகம் சுளிப்பார்கள், சுளிப்பதில் நியாயமும் இருக்கிறது.

இந்தியாவில் சிறு ஏலக்காய்க்கு நறுமணப் பொருள்கள் வாரியத்தின் மின்னணு ஏல மையங்கள் இரண்டு: ஒன்று கேரளத்தின் புத்தடியில், இன்னொன்று போடியில். வியாபாரிகள் ஆளுக்கொரு கணினியின் முன் உட்கார்ந்திருக்க, ஒவ்வொரு குவியலின் மாதிரியும் தட்டில் அவர்கள் முன் வரும். காயை விரலால் உருட்டி, முகர்ந்து, ஒன்றைப் பிளந்து விதையைப் பார்த்து, அதற்குள் விலையை ஏற்ற வேண்டும். இது சுற்றுலா இடம் இல்லை. நினைத்தபோது நுழைய முடியாது. ஆனால் வணிகவியலோ வேளாண்மையோ பொருளியலோ படிக்கிறவர்கள் கல்லூரித் துறைத் தலைவரின் கடிதத்தோடு வாரியத்துக்கு எழுதி அனுமதி கேட்டுப் பாருங்கள். விற்பனை இருக்கும் நாளையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். பாடப்புத்தகத்தில் சந்தை விலை என்று படித்தது கண் முன்னே உருவாவதைப் பார்ப்பது சாதாரண வாய்ப்பு இல்லை. 2018 ஆகஸ்டு வெள்ளமும் அதைத் தொடர்ந்த கோடை வறட்சியும் செடிகளை அழித்தபின், 2019 ஆகஸ்டில் புத்தடியில் ஒரு கிலோ ஏழாயிரம் ரூபாய்வரை போனது. அந்த விலையை நம்பித் தோட்டத்தைப் பெருக்கியவர்கள், இரண்டு மூன்று ஆண்டுக்குள் அதே காய் ஆயிரத்துக்கும் கீழே இறங்கியதைப் பார்த்தார்கள்.

உலகில் மிக அதிகமாக ஏலக்காய் விளைவிப்பது இன்று இந்தியா இல்லை, மத்திய அமெரிக்காவின் குவாத்தமாலா. இங்கேயிருந்து போன விதையை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு ஜெர்மானியத் தோட்டக்காரர் அங்கே நட்டார். அதன் பிறகு நம் காயின் விலையில் அந்த நாட்டு மழைக்கும் பங்கு வந்துவிட்டது.

மேட்டுக்கு ஏறுதல்

மதியச் சாப்பாட்டை முன்கூட்டியே முடித்துவிட்டு மூணாறு பேருந்தில் ஏறுங்கள். கூட்டம் பெரிதாக இருந்தால் ஜீப் பேசிக்கொள்ளலாம். முந்தலில் சோதனைச்சாவடி, அங்கிருந்து ஏற்றம். கொச்சியிலிருந்து தொண்டி வரை போகும் 85ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையின் ஒரு துண்டுதான் இந்த மலைச்சாலை. போடிமெட்டுவரை பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். கீழே புளியும் இலவமும் நிற்கும் வறண்ட சரிவு. பாதி ஏறியதும் பாறையும் புல்லும். மேலே போய்ச்சேரும்போது காது அடைத்து, காற்று குளிர்ந்திருக்கும். மழைக்காலம் என்றால் வழியில் புலியூத்து அருவி விழும். வாந்தி வரும் வழக்கம் உள்ளவர்கள் வெறும் வயிற்றோடும் ஏற வேண்டாம், வயிறு முட்டச் சாப்பிட்டும் ஏற வேண்டாம்.

மூணாறு வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. போடிமெட்டிலிருந்து இன்னும் நாற்பது கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். சனிக்கிழமை நெரிசலில் சிக்கினால் இருட்டியபின்தான் திரும்புவீர்கள். வழியில் இருக்கும் பூப்பாறைவரை போய் நிறுத்திக்கொள்ளுங்கள். நீங்கள் தேடி வந்த ஏலம் அந்த வழியெங்கும் இருக்கிறது.

ஏலத்தோட்டம் தேயிலைத் தோட்டம்போல வெளிச்சமாக இருக்காது. உயர்ந்த மரங்களின் நிழலில், ஆளை மறைக்கும் உயரத்துக்கு நீண்ட இலைகளோடு தூர் தூராகச் செடிகள் நிற்கும். காய் எங்கே என்று இலைகளுக்கு நடுவே தேடாதீர்கள். தூரின் அடியிலிருந்து சரங்கள் கிளம்பித் தரையை ஒட்டிப் படர்ந்திருக்கும். பூவும் பிஞ்சும் காயும் அந்தச் சரத்தில்தான். வெள்ளைப் பூ, அதன் நடுவில் ஊதாக் கோடுகள். அதில் காய் பிடிக்கத் தேனீ வந்தாக வேண்டும். ஒரே சரத்தில் காய்கள் ஒன்றன்பின் ஒன்றாக முற்றுவதால், பருவத்தில் ஒன்று ஒன்றரை மாதத்துக்கொரு முறை அதே செடியிடம் திரும்பத் திரும்ப வர வேண்டும். ஒவ்வொரு முறையும் குனிந்தோ தரையில் உட்கார்ந்தோ, முற்றியதை மட்டும் பார்த்துப் பார்த்து எடுக்க வேண்டும். இதை எந்த இயந்திரமும் செய்வதில்லை.

செய்கிறவர்கள் பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள். போடி, தேவாரம், கம்பம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து விடியற்காலையில் ஜீப் ஏறி, மெட்டுச் சாலைகள் வழியாகக் கேரளத் தோட்டங்களுக்குப் போய், மாலையில் அதே ஜீப்பில் இறங்குகிறார்கள். நீங்கள் மலையிலிருந்து இறங்கும் நேரமும் அவர்கள் இறங்கும் நேரமும் ஒன்றாகவே இருக்கும். நாள் முழுக்க ஈரத்தில் குனிந்து வேலை செய்துவிட்டு வீட்டு அடுப்பை நினைத்துக்கொண்டு வருகிறவர்கள். அவர்களுடைய ஜீப்புக்கு வழி விடச் சொல்லுங்கள். வண்டியை மறித்துப் படம் எடுக்காதீர்கள். டீக்கடையில் பக்கத்தில் உட்கார நேர்ந்தால், "எந்த ஊருக்கா? இன்னிக்கு எத்தனை கிலோ?" என்று பேச்சுக் கொடுங்கள். காய் எடுப்பைப் பற்றி அவர்கள் சொல்வதைவிடத் தெளிவாக எந்த வழிகாட்டியும் சொல்லமாட்டார்.

தோட்டத்துக்குள் போக உரிமையாளரிடமோ கங்காணியிடமோ அனுமதி கேட்க வேண்டும். கட்டணம் வாங்கிக்கொண்டு சுற்றிக் காட்டும் தோட்டங்களும் உண்டு. போனால் ஸ்டோரையும் காட்டச் சொல்லுங்கள். காய் உலர்த்தும் கட்டடத்தை அப்படித்தான் சொல்கிறார்கள். பச்சைக் காயை வெயிலில் போட்டால் வெளுத்துவிடும். அதனால் மூடிய அறையில் மிதமான சூட்டில் ஒரு நாளோ அதற்கு மேலுமோ வைத்து உலர்த்துகிறார்கள். நாலைந்து கிலோ பச்சைக் காய் காய்ந்து ஒரு கிலோ ஆகும். கடைக்காரர் சொல்லும் விலை அதிகமாகத் தோன்றினால் இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு எச்சரிக்கை: செடியில் இருக்கும் காயைப் பறித்து வாயில் போடாதீர்கள். அடுத்தவர் விளைச்சல் என்பது ஒரு காரணம். ஏலத்துக்குப் பூச்சிமருந்து நிறைய அடிக்கிறார்கள் என்பது இன்னொன்று.

மழைக்காலத்தில் அட்டை ஏறும். காலுறைக்குள் பேன்ட்டைச் செருகிக்கொண்டு, கையில் உப்புப் பொட்டலம் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து மணிக்கு முன்பே இறங்கத் தொடங்குங்கள். பனிமூட்டம் இறங்கினால் வளைவுகளில் பத்தடி தூரம்கூடத் தெரியாது. கனமழையில் பாறை சரிவதும் உண்டு.

குரங்கணியைப் பற்றி

உங்களில் யாராவது கொழுக்குமலை சூரிய உதயத்தைக் காணொளியில் பார்த்துவிட்டுக் குரங்கணி வழியாக நடந்தே ஏறலாம் என்று சொல்வார். இதைப் பொறுமையாகப் படியுங்கள்.

குரங்கணி போடியிலிருந்து பதினாறு பதினேழு கிலோமீட்டரில், கொட்டகுடி ஆற்றோரம் மலைக்குள் இருக்கும் சிற்றூர். மூணாறு தேயிலை ஒருகாலத்தில் இந்த வழியாகத்தான் இறங்கியது. குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலில் டாப் ஸ்டேஷன்வரை வந்த தேயிலைப் பெட்டிகள், கம்பிவடத்தில் தொங்கிக் கொட்டகுடிக்கு இறங்கி, மாட்டுவண்டியில் போடிக்கு வந்தன. 1924 வெள்ளம் அந்த மலை ரயிலை அடித்துக்கொண்டு போனது. மலையாள ஆண்டு 1099இல் நடந்ததால் மூணாறு பக்கத்து முதியோர் அதைத் தொண்ணூற்றொன்பது வெள்ளம் என்பார்கள்.

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்தும் வாரயிறுதி மலையேற்றமாக வந்திருந்த இரண்டு குழுக்கள் கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்தன. கோடையில் காய்ந்த போதைப்புல் சரிவில் தீ பரவியது. காற்று வீசும் சரிவில் தீ மேல்நோக்கி ஓடும் வேகத்துக்கு மனிதக் கால் ஈடுகொடுக்காது. 23 பேர் இறந்தார்கள். பலர் இருபதுகளில் இருந்தவர்கள், உங்களைப்போல நண்பர்களோடு ஒரு வாரயிறுதிக்கு வந்தவர்கள். அந்தப் பாதைக்கு முறையான அனுமதி இருக்கவில்லை என்று வனத்துறை சொன்னது.

அதே ஆண்டில் தமிழ்நாடு அரசு மலையேற்றத்துக்கு விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் வனத்துறை மாநிலம் முழுக்க நாற்பது பாதைகளுக்கு இணையவழி முன்பதிவு தொடங்கியது. அதில் குரங்கணி - சாம்பலாறு பாதையும் ஒன்று. வழிகாட்டி உடன் வருவார். மலையேற்றம்தான் வேண்டும் என்றால் இந்த வழியில் மட்டும் வாருங்கள். ஏலத்தோட்டத்தை விட்டுவிட்டுச் சனிக்கிழமையை அதற்குக் கொடுத்தாலும் தப்பில்லை. காட்டுத்தீப் பருவத்தில் பாதைகளை மூடுவார்கள். மூடியிருக்கும்போது, "நான் கூட்டிட்டுப் போறேன்" என்று யார் சொன்னாலும் போகாதீர்கள். கொழுக்குமலையை மட்டும் பார்க்க வேண்டும் என்றால் கேரளத்தின் சூரியநெல்லியிலிருந்து ஜீப் போகிறது. அதற்கு விடியுமுன் சூரியநெல்லியில் இருக்க வேண்டும் என்பதால் இந்த இரண்டு நாள் திட்டத்தில் அது அடங்காது. தனியாக இன்னொரு முறை வாருங்கள்.

ஞாயிறு: பள்ளத்தாக்கு

காலை ஏழு மணிக்குக் கிளம்புங்கள். சின்னமனூர் வழியாகவும் கம்பம் போகலாம் என்றாலும், தேவாரம் வழிப் பேருந்தே என் பரிந்துரை. வலப்பக்கம் மலைச்சுவர் கூடவே வரும். வழியில் பண்ணைப்புரம், இளையராஜா 1943இல் பிறந்த ஊர். அதை ஒட்டிக் கோம்பை. வேட்டை நாய் இனத்துக்குப் பெயர் கொடுத்த ஊர். இறங்க நேரமில்லை, சன்னலோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே போங்கள்.

கம்பத்தில் இறங்கிச் சுருளி அருவிச் சாலையில் போனால் சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டிப் பக்கம் திராட்சைப் பந்தல்கள் தொடங்கும். கல்தூண்கள் நட்டு, மேலே கம்பி பின்னி, அதில் கொடியைப் படரவிட்டிருப்பார்கள். பந்தலுக்கு அடியில் நிமிர்ந்து நடக்கலாம். தலைக்கு மேல் கருநீலக் குலைகள் தொங்கும். இதுதான் பன்னீர் திராட்சை, மஸ்கட் ஹாம்பர்க் என்ற ரகம். 2023இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இதே ரகத்தைத் தெற்குப் பிரான்சின் வாந்தூ மலையடிவாரத்திலும் வளர்க்கிறார்கள். அங்கேயும் அது பழமாகச் சாப்பிடப் பேர்போனது. ஐரோப்பியத் தோட்டத்தில் ஆண்டுக்கு ஒரே அறுவடை. குளிர்காலத்தில் கொடி மொட்டையாக நிற்கும். கம்பத்தில் அப்படி உறங்கும் காலம் இல்லை. விவசாயி கவாத்து செய்யும் நாளைக் கணக்கு வைத்தே பழம் வரும் என்பதால், ஒரு தோட்டத்தில் கவாத்து நடக்கும்போது அடுத்த தோட்டத்தில் பூ, அதற்கடுத்ததில் அறுவடை. ஒரே காலையில் மூன்றையும் பார்த்துவிடலாம். மாணவர்களுக்கு இதைவிட நல்ல வகுப்பு எது?

கேரளத்திலிருந்து குடும்பம் குடும்பமாக இந்தப் பந்தல்களைப் பார்க்க வருகிறார்கள் என்பதால், சாலையோரத் தோட்டங்கள் சில பார்வையாளருக்காகவே திறந்திருக்கின்றன. பழமும் சாறும் விற்பார்கள். பழத்தைக் கழுவிச் சாப்பிடுங்கள். குலையைத் தொட்டு இழுத்துப் படம் எடுக்காதீர்கள். பழத்தின் மேல் படிந்திருக்கும் வெண்பொடி அழிந்தால் சந்தையில் விலை குறையும். அறுவடைக்கு நெருங்கிய நேரத்தில் மழை பெய்தால் பழம் வெடிக்கும். ஒரு வாரத்தில் ஒரு பருவத்து உழைப்பு போய்விடும். ஆனைமலையன்பட்டியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வேளாண் மாணவர்கள் கடிதம் எழுதி அனுமதி வாங்கிப் போகலாம். விதையில்லாத் திராட்சை வேண்டும் என்பவர்கள் ஓடைப்பட்டியைத் தேட வேண்டும்.

வைன் சுவைக்கும் கூடங்கள் இங்கே இருக்கும் என்று எதிர்பார்த்து வராதீர்கள். அதற்கு நாசிக் போக வேண்டும். தமிழ்நாட்டில் 21 வயதுக்குட்பட்டவருக்கு மது விற்பதே சட்டப்படி தடை. உங்கள் குழுவில் பாதிப்பேர் அந்த வயதைத் தாண்டியிருக்கமாட்டார்கள்.

பந்தல் பார்த்தபின் சுருளி அருவிக்குப் போகலாம். அது வனத்துறையின் பொறுப்பில் இருக்கிறது. வெள்ளம் வந்தாலோ யானை நடமாட்டம் இருந்தாலோ மூடிவிடுவார்கள். யானை என்று சொல்வதை வெறும் பேச்சாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சின்னக்கானல் ஏலத்தோட்டப் பகுதியிலிருந்து 2023 ஏப்ரலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விடப்பட்ட அரிக்கொம்பன் என்ற யானை, மே மாதக் கடைசியில் கம்பம் நகரத் தெருக்களிலேயே நடந்தது.

எனக்குச் சுருளியைவிட முக்கியமாகப்படுவது கூடலூருக்கு அப்பால் லோயர் கேம்ப். முல்லைப் பெரியாறு அணையை ஜான் பென்னிகுவிக் கட்டி முடித்து, 1895இல் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக இந்தப் பக்கம் திரும்பியது. மேற்கே ஓடவேண்டிய தண்ணீர் கிழக்கே வந்ததால்தான் பள்ளத்தாக்கு இருபோக நெல் கண்டது. லோயர் கேம்ப்பில் அவருக்கு 2013 ஜனவரியில் மணிமண்டபம் திறந்தார்கள். தைப்பொங்கலன்று இங்கே அவர் பெயரில் பொங்கல் வைக்கிறார்கள். மலைச்சரிவில் இறங்கும் மின்நிலையக் குழாய்களை அங்கிருந்து பார்க்கலாம். காலையில் நடந்த தோட்டங்களுக்கு நீர் வந்த வழியை நேரில் பார்த்தால் பயணம் முழுமையாகும்.

மூன்றரை மணிக்குக் கம்பத்தில் போடி பேருந்தைப் பிடித்துவிடுங்கள். ஞாயிறு மாலை கூட்டம் இருக்கும். ஒரு வண்டி தவறினால் அடுத்ததில் நின்றுகொண்டு வரலாம், அதுவும் தவறினால் ரயில் போய்விடும்.

வாங்க வேண்டியது இரண்டு. ஏலக்காயைப் போடியில் வாங்குங்கள். கையில் எடுத்தால் கனம் தெரிய வேண்டும், வாய் மூடியிருக்க வேண்டும், பிளந்தால் விதை கறுத்துப் பிசுபிசுப்பாக ஒட்ட வேண்டும். கண்ணைப் பறிக்கும் பச்சையாக இருந்தால் சாயம் ஏற்றியதாக இருக்கலாம்; ஈரத்துணியில் தேய்த்துப் பாருங்கள். நூறு கிராம் ஒரு மாணவர் வீட்டுக்குத் தாராளம். திராட்சையைத் தோட்டத்திலேயே அட்டைப்பெட்டியில் கட்டி வாங்குங்கள். பாலித்தீன் பையில் போட்டால் மதுரை போவதற்குள் சாறாகிவிடும்.

எப்போது வருவது என்று கடைசியில் சொல்கிறேன். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல்வரை மலை காய்ந்து கிடக்கும், தீ பயம் உண்டு, ஏலச் சரத்தில் காயும் இருக்காது. ஜூன், ஜூலையில் மேட்டில் சாரலும் காற்றும் ஓயாது. அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை சாலையை அடைக்கக்கூடும். செப்டம்பரில் மேலே காய் எடுப்பு மும்முரமாக நடக்கும், கீழே பந்தல்களில் பழம் இருக்கும், மழை சற்று ஓய்ந்திருக்கும். ஒரே மாதம் சொல்லச் சொன்னால் செப்டம்பர்தான். ரயில் முன்பதிவு அறுபது நாளுக்கு முன் திறக்கும் என்பதால் ஜூலையிலேயே போக வர இரண்டு சீட்டையும் எடுத்துவிடுங்கள்.